அமிலோயிட்டுப் புரதமும் வம்சாவளியும்: சப்ரகமுவத் தோட்டங்களிலிருந்து ஒரு நோக்கு

‘வம்சாவளி’ என்னுஞ் சொல் இலங்கைத் தோட்டப்புறங்களிற் சட்டத்தின் வாயிலாகவே பெருவழக்குப் பெற்றது. 1948ஆம் ஆண்டின் 18ஆம் இலக்கப் பிரசாவுரிமைச் சட்டத்தின்படி, இந்நாட்டிற் பிறந்த ஒருவர் வழிவழிப் பிரசையெனக் கொள்ளப்படுவதற்குத் தம் தந்தை இங்குப் பிறந்தவரென்றோ, பாட்டனும் பூட்டனும் இங்குப் பிறந்தவரென்றோ நிறுவ வேண்டியிருந்தது. மறுவருடம் வந்த 3ஆம் இலக்க இந்திய பாகிஸ்தானிய வதிவோர் சட்டமோ, 1946 ஜனவரி முதலாந் திகதிக்கு முன்னர் மணமானோர் 7 ஆண்டுகளும் மணமாகாதோர் 10 ஆண்டுகளும் இந்நாட்டில் இடையறாது வதிந்தமையைக் காட்டுமாறு கோரிற்று. 1951 ஆகஸ்டில் விண்ணப்பக் காலம் முடிவுற்றபோது, ஏறத்தாழ 2 இலட்சத்து 37 ஆயிரம் விண்ணப்பங்கள் சேர்ந்திருந்தன. பிறப்புப் பதிவில்லாத மக்களிடையே இவற்றுக்குச் சான்று யாது? தோட்டத்துச் செக்றோல் புத்தகம் ஒன்று. முதியவர்களின் நினைவு மற்றொன்று. எந்தக் கங்காணியின் கீழ் வந்தனர், மண்டபம் முகாமில் எத்தனை நாள் இருந்தனர், எந்தத் தோட்டத்தில் முதற்பேர் போட்டனர் என்பனவெல்லாம் கிழவர் கிழவியரின் வாய்மொழியாகவே விண்ணப்பத்தாள்களில் ஏறின.

வம்சாவளிக்கு இன்னொரு பொருளும் உண்டு. ஆணைச் சதுரமாகவும் பெண்ணை வட்டமாகவும் வரைந்து, நோயுற்றோரைக் கறுப்பாக்கி, தலைமுறைகளைக் கோடிட்டு இணைத்து மருத்துவ ஆய்வாளர் தீட்டும் படமே அது. முதுமையில் நினைவை அழிக்கும் அல்சைமர் நோயில் மூளையிற் படியும் அமிலோயிட்டுப் புரதம் எவ்வாறு உற்பத்தியாகின்றது என்பதை உலகம் அறிந்துகொண்டது, பெரும்பாலும் இத்தகைய படங்களின் துணையாலேயாம். அவ்வறிவு வளர்ந்த வரலாற்றைக் கூறி, அவ்வரலாற்றில் இரத்தினபுரி, கேகாலை மாவட்டத் தோட்டங்களின் முதியோர் எங்கு நிற்கின்றனர் என்பதை நோக்குதலே இக்கட்டுரையின் எண்ணமாகும்.

இவ்விடயத்தில் எனக்கு ஈடுபாடு ஏற்பட்டமைக்குச் சொந்தக் காரணமொன்று உண்டு. கேகாலை மாவட்டத்து இறப்பர்த் தோட்டமொன்றில் நாற்பது ஆண்டுகள் பால்வெட்டிய என் அப்பாயி, வேலையினின்று நின்று பல்லாண்டுகள் கழிந்தபின், விடியற்கு வெகுமுன்னரே எழுந்து வாளியையும் கத்தியையும் தேடத் தொடங்கினார். “பெரட்டுக்குத் தப்படிச்சாச்சா?” என்று கேட்பார். ஒரு மணி நேரத்துள் நான்கு முறை, தாம் சாப்பிட்டாயிற்றா என்று வினவுவார். ஆயின், 1951க்கு முன்னர் தம் தந்தையார் விசாரணையில் ஒப்புவிப்பதற்காக மனனஞ் செய்த தோட்டங்களின் பெயர்களையும் ஆண்டுகளையும், சிறுமியாக அருகிலிருந்து கேட்டபடியே, ஒன்றும் பிறழாது கூறுவார். அவ்விண்ணப்பம் ஏற்கப்படவில்லை என்பது வேறு கதை. ‘வயசு போனா அப்பிடித்தான்’ என்றனர் லயத்தார். கோடாங்கியிடம் காட்டச் சொன்னோரும் உளர். மருந்துச்சாலையிற் கிடைத்தவை உயிர்ச்சத்து வில்லைகள். அவருக்கு வந்தது அல்சைமர் நோய்தானா என்று எவரும் சோதித்திலர். அவர் இறந்தபின் அதனை அறிய வழியுமில்லை. பழையன நிற்கப் புதியன நில்லாது போதல் அந்நோயின் தொடக்கக் குறி என்பதனை நான் பின்னரே படித்தறிந்தேன். புதிய நினைவுகளைப் பதிக்கும், கடற்குதிரை வடிவினதாகிய மூளைப்பகுதி இந்நோயில் முற்படத் தாக்குண்பதே அதற்குக் காரணம்.

இனி அமிலோயிட்டு என்னும் பெயரின் வரலாற்றை நோக்குவாம். இப்பெயரே ஒரு பிழையின் எச்சமாகும். 1854இல் ஜேர்மனிய நோயியலறிஞர் ருடோல்ப் விர்ச்சோ, மூளையிழையத்திற் கண்ட நுண்ணிய உருண்டைகள் அயடீனுடன் நீலநிறங் கொள்வதை அவதானித்தார். மரவள்ளிக்கிழங்குத் துண்டின்மேல் அயடீன் துளியிட்டு அது கருநீலமாவதைப் பாடசாலையிற் பார்த்தோர், அவர் என்ன எண்ணியிருப்பார் என்பதை எளிதில் ஊகிக்கலாம். மாப்பொருளைக் குறிக்கும் இலத்தீன் சொல்லினின்று அவர் ‘அமிலோயிட்டு’ என்னும் பெயரை வழங்கினார். மண்ணீரல் முதலிய உறுப்புகளிற் படியும் மெழுகுபோன்ற பொருளுக்கும் அப்பெயரே நீண்டது. 1859இல் பிரீட்றைக்கும் கெக்குலேயும் அம்மெழுகுப் பொருளைப் பகுத்தாய்ந்து, அதில் மாப்பொருள் இல்லை, புரதமே உளது எனக் காட்டினர். எனினும் பெயர் நிலைத்துவிட்டது. பிழையென்று தெரிந்தபின்னும் பெயர்கள் நிலைப்பது புதுமையன்று: பல தலைமுறையாக இம்மண்ணிற் பிறந்து இம்மண்ணிற் புதைந்த மக்களை, 2012ஆம் ஆண்டுக் குடிசன மதிப்பீடும் ‘இந்தியத் தமிழர்’ என்றே எழுதிற்று.

1901 நவம்பரில் பிராங்பேர்ட் நகர மனநோய் மருத்துவமனையில் 51 வயதினரான ஒகுஸ்த டேற்றர் என்னும் பெண் சேர்க்கப்பட்டார். அலோயிஸ் அல்சைமர் என்னும் மருத்துவர் பொருட்களைக் காட்டிப் பெயர் கேட்டார். அப்பெண் சரியாகவே விடை கூறினார். சிறிது பொழுதில் எதனைக் காட்டினர் என்பதையே மறந்தார். தம் பெயரை எழுதச் சொன்னபோது தொடங்கி, முடிக்கவியலாது நின்றார். 1906 ஏப்ரலில் அவர் இறந்தபோது அல்சைமர் மியூனிச் நகரிற் பணியாற்றினார். மூளை அங்கு அனுப்பப்பட்டது. வெள்ளியுப்பாற் சாயமூட்டி நுணுக்குக்காட்டியில் நோக்கியபோது, நரம்புக்கலங்களின் புறத்தே விதையொத்த படிவுகளும் அகத்தே நூற்சிக்கலொத்த முடிச்சுகளும் காணப்பட்டன. அவ்வாண்டு நவம்பர் 3ஆந் திகதி தூபிங்கனில் நிகழ்ந்த மருத்துவர் கூட்டத்தில் அவர் இதனை விரித்துரைத்தார். கேட்டோரில் எவரும் ஒரு வினாவேனும் எழுப்பவில்லை. 1910இல் கிரெப்பலின் தம் பாடநூலில் இதற்கு அல்சைமர் நோய் எனப் பெயரிட்டார்.

இப்பெயரீட்டால் ஒரு தீங்கும் நேர்ந்தது. ஒகுஸ்த இளவயதினர் ஆதலின், அல்சைமர் நோய் முதுமைக்கு முன் வரும் அரிய நோயென்றும், எழுபதிலும் எண்பதிலும் வரும் நினைவழிவு வேறென்றும், அது முதுமையின் இயல்பென்றும் கொள்ளப்பட்டது. பிறாக் நகரத்து ஒஸ்கார் பிஷர் 1907இலேயே முதுமை நினைவழிவுற்ற 16 பேரின் மூளைகளை ஆய்ந்து 12இல் அதே படிவுகளைக் கண்டிருந்தார். அதனை எவரும் பெரிதுபடுத்திலர். 1968இல் நியூகாசில் நகரத்து பிளெசெட், தொம்லின்சன், ரோத் ஆகியோர் முதியோரின் நினைவழிவின் அளவையும் மூளைப் படிவுகளின் தொகையையும் ஒப்புநோக்கி, இரண்டும் சேர்ந்து ஏறுவதைக் காட்டினர். 1976இல் றொபேட் கட்ஸ்மன் இளவயதினர்க்கு வருவதும் முதியோர்க்கு வருவதும் ஒரே நோயெனத் துணிந்துரைத்தார். அறிவியலுலகமே ஏறத்தாழ அறுபதாண்டுகள் ‘வயது போனால் அப்படித்தான்’ என்று கூறிக்கொண்டிருந்தது எனின், எம் லயத்தாரைக் குறைகூற ஏது உண்டு?

இதற்கிடையில் படிவின் இயல்பு சிறிது சிறிதாகத் துலங்கி வந்தது. கொங்கோச் சிவப்பு எனப்படும் துணிச்சாயம் அமிலோயிட்டிற் பற்றுவதை 1922இல் பென்ஹோல்ட் கண்டார். 1927இல் பெல்ஜியத்தின் போல் திவ்றி, அச்சாயம் ஏறிய மூளைப் படிவுகள் முனைவாக்கிய ஒளியில் ஒளிர்வதைக் காட்டி, அவையும் அமிலோயிட்டே என நிறுவினார். 1959இல் கோகனும் கல்கின்சும் இலத்திரன் நுணுக்குக்காட்டியில் அதனை நுண்ணிழைகளாகக் கண்டனர். 1968இல் ஈன்சும் ஜோர்ஜ் கிளென்னரும் எக்ஸ்-கதிர்களால் ஆய்ந்து, புரதத் துண்டுகள் மடித்த தாள்போற் கிடந்து, இழையின் நீளத்துக்குக் குறுக்காக ஒன்றன்மேலொன்று அடுக்குண்டமையை வெளிப்படுத்தினர். அவ்வடுக்கின் இறுக்கமே, உடலின் நொதியங்களாற் படிவு எளிதிற் கரைக்கப்படாமைக்குக் காரணம். ஆயின் இத்தனையும் படிந்த பொருளைப் பற்றிய அறிவேயாம். அஃது எங்கிருந்து வருகின்றது என்பது 1984 வரை இருளிலேயே கிடந்தது.

அவ்வாண்டிலே கிளென்னரும் வொங்கும் அல்சைமர் நோயாளரின் மூளையுறைக் குருதிக்குழாய்களிற் படிந்த அமிலோயிட்டைப் பிரித்தெடுத்து, அதன் அமினோ அமில வரிசையின் தொடக்கப் பகுதியை வாசித்தனர். டவுண் நோய்க்கூட்டுடன் பிறந்தோர் நாற்பது வயதளவில் இதே படிவுகளைப் பெறுவர் என்பது முன்னரே தெரிந்ததொன்று. அவர்களிடமும் அதே புரதமே உளதெனக் கண்ட கிளென்னர், டவுண் நோயாளரிடம் மும்மடியாய் இருக்கும் 21ஆம் நிறமூர்த்தத்திலேயே இதன் பரம்பரையலகு இருத்தல் வேண்டும் என்று ஊகித்தார். 1985இல் மாஸ்டர்சும் பெய்றூதரும் படிவின் மையப்பகுதியிலும் அதே புரதத்தைக் கண்டனர். 1987இல் பல குழுக்கள் பரம்பரையலகைக் கண்டுபிடித்தபோது அஃது 21ஆம் நிறமூர்த்தத்திலேயே இருந்தது. கிளென்னர் 1995இல் இறந்தார். அவர் உயிரைக் கொண்டதும் உடலுறுப்புகளில் அமிலோயிட்டுப் படியும் நோயே என்பது வரலாற்றின் விந்தைகளுள் ஒன்று.

1987இன் கண்டுபிடிப்பு எதிர்பாராதவொன்றைக் காட்டிற்று. படியும் புரதம் தனித்து ஆக்கப்படுவதன்று. ஏறத்தாழ 700 அமினோ அமிலங்கள் கொண்ட நெடும்புரதமொன்று நரம்புக்கலத்தின் மென்சவ்வை ஊடறுத்து, தலை வெளியிலும் வால் உள்ளிலுமாக நிற்கின்றது. இதனை அமிலோயிட்டு முன்னோடிப் புரதம் என்பர். படிவாவது இதன் 40 அல்லது 42 அமினோ அமிலங்கள் கொண்ட சிறு துண்டு மாத்திரமே. அத்துண்டின் ஒரு பகுதி சவ்வுக்கு வெளியிலும் மறுபகுதி சவ்வினுள்ளும் கிடக்கின்றது. எனவே அமிலோயிட்டின் உற்பத்தி என்பது வெட்டுதலேயாகும். எந்தக் கத்தி, எந்த இடத்தில், எந்த முறையில் வெட்டுகின்றது என்பதே பின்வந்த முப்பது ஆண்டு ஆய்வின் உட்கிடை.

பால்வெட்டுத் தொழிலாளிக்கு இதனை விளக்குதல் எளிது. கத்தி பட்டையிலுள்ள பாற்குழாய்களை எட்டுதல் வேண்டும். அதற்கப்பாலுள்ள வளர்படையைத் தீண்டலாகாது. மேலாக வெட்டினாற் பால் வாராது. ஆழ வெட்டினாற் பட்டை புண்ணாகி, மறுமுறை வெட்ட இடமின்றி மரங் கெடும். ஓரிரு மில்லிமீற்றர் வேறுபாடே மரத்தின் ஆயுளைத் தீர்மானிக்கின்றது. முன்னோடிப் புரதத்திலும் அவ்வாறே. வெளித்தலையை வெட்டும் நொதியங்கள் இரண்டு. அல்பா எனப்படுவது அமிலோயிட்டுத் துண்டின் நடுவே வெட்டும். அங்ஙனம் வெட்டியபின் அத்துண்டு உருவாக இடமேயில்லை. 1990இல் சிசோடியாவும் உடனாய்வாளரும் காட்டியது இதனையே. பீற்றா எனப்படும் மற்றைய நொதியம், பதினாறு அமினோ அமிலம் முன்னரே, துண்டின் தலைப்பில் வெட்டும். பின்னர் மூன்றாவது நொதியமாகிய காமா, சவ்வினுள்ளேயே மறுமுனையை வெட்டித் துண்டை விடுவிக்கும். அக்காமா வெட்டு எப்போதும் ஓரிடத்தில் நிகழ்வதில்லை. பெரும்பாலும் 40இல் முடியும், சிறுபான்மை 42இல் முடியும். இரண்டே அமினோ அமில மிகுதியால், 42 கொண்ட துண்டு பன்மடங்கு விரைந்து திரளுகின்றது.

இவ்வெட்டுகளின் சிறப்பு வெளிப்பட்டது குடும்பங்களாலேயாம். இங்கிலாந்தில், தந்தையும் அவருடன் பிறந்தோரும் ஐம்பதுகளிலேயே நினைவிழந்தமையைக் கண்ட பள்ளியாசிரியை ஒருவர், 1980களில் இலண்டன் ஆய்வாளர்க்குக் கடிதம் எழுதினார். அக்குடும்பத்தை ஆய்ந்த அலிசன் கோற்றும் ஜோன் ஹாடியும் 1991இல் முன்னோடிப் புரதத்தின் 717ஆம் இடத்தில் ஒரு விகாரத்தைக் கண்டனர். காமா வெட்டுக்கு மிக அணித்தான இடம் அது. 1992இல் சுவீடன் குடும்பமொன்றில் பீற்றா வெட்டின் வாயிலிலேயே இரட்டை விகாரம் காணப்பட்டது. அதனாற் பீற்றா வெட்டுப் பன்மடங்கு பெருகுகின்றது. ஒன்று துண்டின் வாற்புறம், மற்றொன்று தலைப்புறம். நோய்க்கும் வெட்டுதலுக்கும் உள்ள தொடர்பை இதனினுந் தெளிவாகக் காட்ட இயலாது. நெடுநாட் பின்னர், 2012இல், ஐஸ்லாந்து மக்களிடையே இதற்கு மறுதலையான விகாரமொன்று கண்டுபிடிக்கப்பட்டது. அது பீற்றா வெட்டைக் குறைத்து, அதனையுடையோரை முதுமையிலும் நோயினின்று காக்கின்றது.

காமா நொதியத்தின் கதை இன்னுஞ் சுவையானது. அதன் வெட்டும் உறுப்பு பிரெசெனிலின் என்னும் புரதம். அதன் பரம்பரையலகு 14ஆம் நிறமூர்த்தத்தில் 1995இற் கண்டுபிடிக்கப்பட்டது. அக்கண்டுபிடிப்புக்கு உதவிய குடும்பங்களுள் ஒன்று, தென் இத்தாலியின் கலாபிரியாப் பகுதியினின்று பிரான்சுக்கும் அமெரிக்காவுக்கும் பரந்து சென்ற ஏழைக் குடியானவர் வழியினது. புலம்பெயர்ந்தோராயினும், தேவாலயப் பதிவேடுகளின் உதவியால் அவர்தம் வம்சாவளி 17ஆம் நூற்றாண்டு வரை வரையப்பட்டது. 2000ஆம் ஆண்டில் காமா நொதியத்தின் மற்றோர் உறுப்பைக் கண்ட தொறொன்ரோ ஆய்வாளர், அக்குடும்பத்தின் ஊராகிய நிக்காஸ்ற்றோவை நினைவுகூர்ந்து அதற்கு நிக்காஸ்ற்றின் எனப் பெயரிட்டனர். உயிரோடிருக்கும் ஒவ்வொரு மனிதனின் கலத்திலும் அவ்வூரின் பெயர் குடிகொண்டுள்ளது எனலாம். கொலம்பியாவின் அன்தியோக்கியா மலைப்பகுதியிலும் பிரான்சிஸ்கோ லோப்பேரா என்னும் நரம்பியல் மருத்துவர் 1980கள் தொடக்கம், தேவாலயப் பதிவுகளைக் கொண்டு 18ஆம் நூற்றாண்டு வரை பின்சென்று, பிரெசெனிலின் விகாரமுடைய ஆயிரக்கணக்கான உறவினரை இணைத்தார்.

இங்குச் சற்று நின்று எம் பகுதியை நோக்குதல் தகும். யட்டியாந்தோட்டை, தெகியோவிற்ற, தெரணியகலை, இறக்குவானை, பலாங்கொடை எனப் பரந்துள்ள தோட்டங்களின் மக்களும் ஏழைக் குடியானவர் வழியினரே, புலம்பெயர்ந்தோரே. ஆயின் அவர்தம் பதிவுகள் எங்கே? 1964 ஒக்டோபரின் சிறிமா–சாஸ்திரி ஒப்பந்தம் 9 இலட்சத்து 75 ஆயிரம் பேரை எண்ணிப் பங்கிட்டது. 5 இலட்சத்து 25 ஆயிரம் பேர் இந்தியாவுக்கு, 3 இலட்சம் பேர் இலங்கைக்கு, எஞ்சியோர் பின்னர் தீர்மானிக்கப்படுவர் என்றவாறு. அண்ணன் அக்கரைக்கும் தம்பி இக்கரைக்குமாகக் குடும்பங்கள் தலைமன்னார்த் துறையிற் பிரிந்தன. 1977 ஆகஸ்டிலும் 1981 ஆகஸ்டிலும் 1983 யூலையிலும் சப்ரகமுவத் தோட்டங்களில் லயங்கள் எரிந்தபோது, தகரப் பெட்டிகளிற் காத்து வைத்த காகிதங்களும் எரிந்தன. பலர் வவுனியா, கிளிநொச்சிப் பக்கம் சென்றனர். நிக்காஸ்ற்றோவின் குடியானவரைப் பாதிரியாரின் பேரேடு இணைத்தது. எம்மவரைப் பிணைத்து வைத்திருந்தது பாட்டிமாரின் நினைவு மாத்திரமே. நோய் தின்பதும் அதனையே. தோட்டங்களில் அத்தகைய பரம்பரை விகாரம் உண்டென்று கூறுதல் என் கருத்தன்று. அவை உலகெங்கும் மிக அரியன. நோயாளருள் நூற்றுக்கொருவர் அளவினர்க்கே உரியன. உண்டோ இல்லையோ என்று தேடுவதற்கு வேண்டும் ஏடு இங்கில்லை என்பதே நான் சுட்டுவது.

வெட்டுதலின் கதைக்கு மீள்வோம். குடும்பங்களை ஆய்ந்தோர் அமிலோயிட்டை நோயின் நஞ்செனவே எண்ணியிருக்க, 1992இல் செல்கோ முதலியோரின் ஆய்வுகூடங்கள் ஓர் உண்மையை வெளியிட்டன: நோயற்ற கலங்களும் இத்துண்டை நாடோறும் ஆக்குகின்றன. உற்பத்தி நோயன்று, அது வாழ்வின் வழக்கம். அங்ஙனமாயின் பரம்பரை விகாரமில்லாப் பெரும்பான்மையோர்க்கு நோய் வருவது எதனால்? விடை அகற்றலில் உள்ளது. 2010இல் அமெரிக்காவில் பேற்மனின் குழுவினர், முதிய நோயாளரின் மூளை இத்துண்டை நலமுள்ளோரளவே ஆக்குகின்றது, ஆயின் மெதுவாகவே அகற்றுகின்றது என அளந்து காட்டினர். கொழுப்பைக் காவும் அப்போ-ஈ புரதத்தின் நான்காம் வகையை உடையோர்க்கு நோய் மிகுதி என்று 1993இல் தெரியவந்தமைக்கும் இவ்வகற்றற் குறைவு ஒரு விளக்கமாகும். வாய்க்காலில் வழக்கமான நீரே வருகின்றது. மதகு அடைபட்டமையால் வயல் மூழ்குகின்றது.

திரளுதலை விளக்க மீண்டும் இறப்பர்த் தோட்டத்துக்கே செல்லலாம். சிரட்டையில் வடியும் பால் நீர்மையாக இருக்கும். அளவாகப் போமிக் அமிலம் வார்த்தால் உறையும். உறைந்ததைப் பின்னர் எதனாலும் பாலாக்க முடியாது. அமிலோயிட்டுத் துண்டுகளும் முதலிற் கரைந்தே உலவுகின்றன. செறிவு மிகுந்து, சில துண்டுகள் தற்செயலாகச் சரிவர அடுக்குண்டு ஒரு வித்தாகிவிடின், ஏனையவை அதனைப் பற்றி விரைந்து அடுக்குண்ணும். பாலிலிட்ட உறைமோரை நினைத்துக்கொள்க, உறைமோரில் உயிருண்டு, இதில் இல்லை என்ற வேறுபாட்டோடு. 1993இல் ஜறெற்றும் லான்ஸ்பெரியும் இவ்வித்தாக்கத்தை விளக்கினர். பெரிய படிவினும், முழுதும் உறையாத சிறு திரள்களே நரம்புச் சந்திகளைக் கெடுப்பன என்பது 1998க்குப் பின்னர் வலுத்த கருத்து. இத்துறையிற் பெரிதும் எடுத்தாளப்பட்ட 2006ஆம் ஆண்டுக் கட்டுரையொன்று, படங்கள் திரிக்கப்பட்டமையால் 2024இல் மீளப்பெறப்பட்டது. அதனால் அமிலோயிட்டுக் கொள்கை முழுதும் வீழ்ந்ததென ஆர்ப்பரித்தோர், குடும்பங்கள் தந்த சான்றை மறந்தனர் என்றே கூறுவேன். எனினும் படிவுகள் நிறைந்தும் நினைவு குன்றாத முதியோர் உளர் என்பதும், நினைவிழப்போடு நெருங்கிச் செல்வது உள்முடிச்சுகளின் தௌ புரதமே என்பதும் மறுக்கவொண்ணாதவை.

கத்திகளைத் தெரிந்தபின், கத்திகளைத் தடுக்கலாமே என்று எண்ணுதல் இயல்பு. பீற்றா நொதியம் 1999இற் கண்டுபிடிக்கப்பட்டபோது நம்பிக்கை பெருகிற்று. ஆயின் காமாவைத் தடுக்கும் மருந்தின் சோதனை, நோயாளரின் நிலை மேலும் மோசமுற்றமையால் 2010இல் நிறுத்தப்பட்டது. காமா வேறு பல புரதங்களையும் வெட்டுவது. அதன் கையைக் கட்டினால் அவ்வேலைகளுங் கெடும். பீற்றாவைத் தடுக்கும் மருந்துகளும் 2017, 2018ஆம் ஆண்டுகளிற் கைவிடப்பட்டன. பின்னர் வென்றவை, உற்பத்தியை விட்டு, ஆன படிவை அகற்றும் பிறபொருளெதிரிகளே. லெக்கனெமாப் 2023இலும் டொனனெமாப் 2024இலும் அமெரிக்காவில் முழு அனுமதி பெற்றன. வெற்றியின் அளவு யாது? லெக்கனெமாப் 18 மாதங்களில் நோயின் சரிவை 27 சதவீதம் மட்டுப்படுத்திற்று. 18 புள்ளி அளவுகோலில் அஃது அரைப்புள்ளிக்கும் குறைவு. இழந்ததை மீட்டுத் தருவதில்லை. நோய் தொடங்கும் பருவத்திலேயே கொடுத்தல் வேண்டும். மூளைய முண்ணாண் பாய்பொருளாலோ கதிரியக்கப் படத்தாலோ அமிலோயிட்டு உண்டென உறுதிசெய்தல் வேண்டும். இரு வாரத்துக்கொருமுறை நாளத்தில் ஏற்றுதல் வேண்டும். மூளை வீக்கமும் கசிவும் நேராவண்ணம் காந்தப் பரிவுப் படம் பலமுறை எடுத்தல் வேண்டும். நகருக்குச் செல்லப் பேருந்துக்காகக் காலைமுழுதும் காத்திருக்கும் தோட்டத்தார்க்கு இவை எத்தன்மையன என்பதைச் சொல்ல வேண்டியதில்லை.

ஆயினும் முதற்படியாகிய கண்டறிதலுக்கு இயந்திரம் வேண்டுவதில்லை, கேள்விகளே போதும். இங்குத்தான் எம் பகுதியின் இடர் மறைந்துள்ளது. 1975இல் போல்ஸ்ரைன் வகுத்த 30 புள்ளிச் சோதனை உலகெங்கும் வழங்குவது. இன்றைய திகதி யாது, 100இலிருந்து ஏழேழாகக் கழிக்க, ஒரு வாக்கியம் எழுதுக, இவ்வைங்கோணங்களைப் பார்த்து வரைக என்பன அதன் வினாக்கள். தோட்டப் பாடசாலைகளை அரசு பொறுப்பேற்கத் தொடங்கியது 1977இலேயாம். இன்று அறுபத்தைந்தைக் கடந்தோர் அதற்கு முன்னர், ஐந்தாம் வகுப்போடு முடியும் ஓராசிரியர் பாடசாலையிற் சில காலம் இருந்தோர், அல்லது அதுவுமில்லாது பிள்ளைக்காம்பறாவினின்று நேரே மலைக்குச் சென்றோர். நல்ல நினைவுடைய கிழவியும் இச்சோதனையில் தவறுவார். தவறுவதற்குக் கல்லாமையே காரணமெனத் தள்ளிவிடின், உண்மையில் நோயுற்றவரும் அதற்குள் மறைந்துபோவார். இளமையிற் கல்வி குறைதல் நோய்க்கே ஒரு காரணி என்பதையும் இதனோடு சேர்த்து எண்ணுதல் வேண்டும்: 2024இல் லான்செற் ஆணைக்குழு, நினைவழிவு நோய்களில் ஏறத்தாழ 45 சதவீதம் மாற்றவல்ல 14 காரணிகளோடு தொடர்புடையது எனக் கூறி, கல்விக் குறைவையும், செவிப்புலக் குறைவையும், உயர் குருதியமுக்கத்தையும், நீரிழிவையும் அவற்றுட் சேர்த்தது.

இலங்கையில் இத்துறை முற்றிலும் வெறுமையன்று. போல்ஸ்ரைன் சோதனை சிங்களத்திற் செப்பனிடப்பட்டு 2002இல் வெளியாயிற்று. இராகமைப் பகுதியில் 65 வயதைக் கடந்த 703 பேரை ஆய்ந்து 2003இல் வெளியிட்ட அறிக்கை, ஏறத்தாழ 4 சதவீதத்தினர் நினைவழிவுற்றோர் என்றும், அவருட் பெரும்பாலோர்க்கு அல்சைமர் நோயே என்றும் காட்டிற்று. ஸ்ரீ ஜயவர்த்தனபுரப் பல்கலைக்கழகத்தார் பிரேத பரிசோதனைக்கு வந்த முதியோர் மூளைகளிலே அமிலோயிட்டையும் முடிச்சுகளையும் குருதிக்குழாய்க் கேட்டையும் ஆய்ந்துள்ளனர். பாக்கு நீரிணைக்கு அப்பால், திருப்போரூர்க் கிராமங்களில் 60 வயதைக் கடந்தோரிடம் செய்து 1997இல் வெளியான ஆய்வு 3.5 சதவீதம் எனக் கண்டது.

கல்லாதார்க்கும் பொருந்தும் சோதனை ஒன்று வேண்டும் என்னும் எண்ணத்தாலேயே ‘10/66’ என்னும் ஆய்வுக்குழு தோன்றிற்று. நினைவழிவுற்றோரில் 66 சதவீதத்தினர் வளர்முக நாடுகளில் வாழ, ஆய்வில் 10 சதவீதமும் அவரைப் பற்றியதன்று என்பதே அப்பெயரின் பொருள். அவர்கள் வகுத்த முறை சென்னையிலும் வேலூரிலும் தமிழிலேயே கையாளப்பட்டது. அதில் முதியவரை வினவுவதோடு, உடன்வாழ்வோரையும் வினவுவர்: முன்பு செய்த வேலைகளைச் செய்யத் தடுமாறுகின்றாரா, வைத்த பொருளை மறக்கின்றாரா, அறிந்த இடத்தில் வழிதவறுகின்றாரா என்று. தமிழில் இருப்பதால் அவ்வாறே இங்குப் பொருந்திவிடும் என்பதன்று. காசு, கடை, கடிதம் என்று வரும் வினாக்கள் இங்குக் கொழுந்து மடுவம், சம்பளநாள், பால் நிறுக்கும் இடம் என்று மாற வேண்டியிருக்கும். தோட்ட வழக்கை வீட்டில் கேட்டு வளர்ந்த மாணவர் இன்று பல்கலைக்கழகங்களில் உளர். மருத்துவம் பயில்வோரும் தமிழ் பயில்வோரும் சேர்ந்து ஒரு விடுமுறையிற் செய்து முடிக்கக்கூடிய வேலை இது.

என் தாயாரை அன்று யாரேனும் அவ்வினாக்களைக் கேட்டிருப்பின், எல்லாவற்றுக்கும் ஆம் என்றே விடை கூறியிருப்பார்.

அப்பாயி சொல்லச் சொல்ல நான் எழுதிய பயிற்சிக் கொப்பியொன்று வீட்டில் உண்டு. துறையூர்ப் பக்கத்தினின்று புறப்பட்டவர் தொடக்கம் நான்கு தலைமுறைப் பெயர்களும், அவர்கள் பேர்பதிந்த தோட்டங்களும் அதில் உள்ளன. அவர்களுள் முதுமையில் நினைவு தவறியோர் எவரெவர், கறுப்பாக்க வேண்டிய வட்டங்கள் எவை என்று கேட்கும் எண்ணம் எனக்குத் தோன்றியபோது, அவர் என்னை யார் என்று கேட்கத் தொடங்கியிருந்தார்.